கண்ணாடிக்கண்ணில் கடைசி முகம்

மெலிகே முதலில் பார்த்தது அந்தக் கண்ணைத்தான். அவனை அல்ல.

பச்சை... அப்படியொரு பச்சை. செத்து ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கும். செத்த மீனுக்கு இவ்வளவு வெளிச்சம் எதற்கு? மீன்பெட்டியின் மேல் போர்த்தியிருந்த ஈரச் சாக்கை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி, படகுத்துறை மேடையில் மூடுபனிக்குள் குந்தி உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கண்ணுக்குள் அவள் முகம் தெரிந்தது. கம்பளித் தொப்பியும் சிவந்த மூக்குமாகக் குட்டியாக ஒரு மெலிகே. அவளுக்கே சிரிப்பு வந்தது.

சிரிப்பு பாதியில் நின்றது. குட்டி மெலிகேயின் தோளுக்குப் பின்னால் இன்னொரு முகம் எழுந்தது. ஓர் ஆணின் முகம். நனைந்த முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. காலடிச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. அந்த முகம் மெல்லக் குனிந்து, அவளை மறைத்துக்கொண்டு, மீனின் கண்ணை நேராகப் பார்த்தது. ஒரு மூச்சு... இரண்டு மூச்சு...

அப்புறம் ஒரு கை வந்து சாக்கை வெடுக்கென்று இழுத்து மூடியது. அவசரத்தில் மீனின் முதுகு முள் அந்த உள்ளங்கையில் ஏறி, முறிந்தது.

"யாருங்க உங்களை இதைத் தூக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல. மீனைப் பார்க்கத்தான் காலேஜ்ல இருந்து என்னை அனுப்பியிருக்காங்க."

"மீனைப் பாருங்க. கண்ணைப் பார்க்காதீங்க."

"ஏன், கண்ணு மீன்ல சேர்த்தி இல்லையா?"

"இந்தத் துறையில இல்ல."

சரியான முசுடு என்று நினைத்துக்கொண்டு நிமிர்ந்தவள், அவன் கையிலிருந்து ரத்தம் சொட்டுவதைப் பார்த்துவிட்டாள். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. பையைத் திறந்து துணிச்சுருளை எடுத்து, கேட்காமலே அவன் கையைப் பிடித்துக் கட்டத் தொடங்கினாள். கை பெரியதாக, பனிக்கட்டி போலச் சில்லென்று இருந்தது. அவன் கண்களோ பழுப்பு. மழைக்கு முந்தைய வானம் மாதிரி எதையோ அடக்கிக்கொண்டிருக்கும் கண்கள்...

"முள்ளு உள்ள இருக்கு. எடுக்கட்டுமா?"

"வேணாம். வீட்டுல எடுத்துக்கறேன்." மற்றக் கையால் சாக்கின் ஓரத்தை மட்டும் விலக்கி, மீனின் முதுகைக் கட்டைவிரலால் துடைத்துப் பார்த்தான். வெறும் சாம்பல் தோல். பெருமூச்சு விட்டான். "புள்ளி இல்ல. வெத்துமுதுகு. பொழச்சீங்க, டீச்சரம்மா."

அவன் பெயர் இஹ்சான் என்பதையும், தான் எதிலிருந்து பிழைத்தோம் என்பதையும் மெலிகே டீக்கடையில்தான் தெரிந்துகொண்டாள். படகுத் தலைவர்களை அங்கே ரெய்ஸ் என்பார்கள். அவர்களுக்கெல்லாம் மூத்தவரான ஹுஸ்னு ரெய்ஸ், டீக் கண்ணாடியில் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே சொன்னார்.

"நம்ம கண்ணாடிக்கண்ணு சுறாவுல ரெண்டு சாதி, டீச்சரம்மா. முதுகுல வெள்ளைப் புள்ளி இருந்தா அவ புள்ளிக்காரி. கடைசியா எந்த முகத்தைப் பார்த்தாளோ, அதை மறக்க மாட்டா. நாப்பது நாளுக்குள்ள கடல்கிட்ட சொல்லிக் கொடுத்துடுவா. கடலு வந்து ஆளைக் கூட்டிக்கும். புள்ளி இல்லாதவ வெத்துமுதுகு. அவளுக்கு ஞாபகசக்தியே கிடையாது, நம்ம பஞ்சாயத்துத் தலைவர் மாதிரி."

கடையே சிரித்தது. மெலிகேயும் சிரித்தாள். அந்த இரண்டு சுறாக்களையும் ஒப்பிட்டு எழுதத்தான் அவள் ஸாரோஸ் வளைகுடாவுக்கு வந்திருந்தாள். ஒவ்வொன்றிலும் நாற்பது மீன். எது எங்கே வாழ்கிறது, எது குறைகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டு டீ குடித்திருக்கலாம். படித்தவளாயிற்றே, விடுவாளா?

"ரெண்டு இனம்னு சொன்னீங்க பாருங்க, அது ரொம்பச் சரி, ரெய்ஸ். ஆனா புள்ளியை நம்பாதீங்க. வயசாக ஆகப் புள்ளிக்காரிக்கும் புள்ளி மங்கிடும், சிலதுக்கு அழிஞ்சே போயிடும். முள்ளைத்தான் பார்க்கணும். வெத்துமுதுகுக்கு முள்ளு நீளம், துடுப்போட உச்சி வரைக்கும் வரும். புள்ளிக்காரிக்குக் குட்டை முள்ளு, பாதிதான் இருக்கும்."

சிரிப்பு நின்றது. மூலையில் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்திருந்த இஹ்சான் தலையைத் தூக்கினான்.

"புள்ளி அழியுமா?"

"அழியும்."

"அப்ப காலையில பார்த்தது?" என்றார் ரெய்ஸ்.

"அதோட பின்முள்ளு வலையிலயே முறிஞ்சிருக்கு. முன்முள்ளோட மீதி இவர் கையில இருக்கு. இப்போதைக்குப் புள்ளி இல்லாததால வெத்துமுதுகுன்னு எழுதியிருக்கேன்."

இஹ்சான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான். போகிறபோது வாசலில் நின்று, அந்த மீனை அவளே வைத்துக்கொள்ளலாம் என்றான். ஒரே ஒரு நிபந்தனை. "எப்ப எடுத்தாலும் மீனோட கண்ணை மூடித்தான் எடுக்கணும். நீங்க நம்ப வேணாம். எனக்காகச் செய்யுங்க."

அறிமுகமாகி ஒரு மணி நேரம்கூட ஆகாத ஆளுக்காக ஒன்றைச் செய்வதா? மெலிகே தலையாட்டினாள். ஏன் ஆட்டினாள் என்று அன்று முழுவதும் அவளுக்குப் புரியவில்லை.

மீன்கூடத்துக் குளிர் அறை அவளுக்கு வேலை இடமாயிற்று. பதினேழாம் எண் சீட்டு கட்டிய அந்த மீன், மருந்துத் தண்ணீர் நிரப்பிய நீளத் தொட்டியில் கிடந்தது. தலைமேல் நான்காக மடித்த சாக்குத்துணி. புதிதாக வரும் மீன்களையெல்லாம் அதன் பக்கத்தில் வைத்துத்தான் ஒப்பிட்டாள். துணியை மட்டும் விலக்கவே இல்லை. சொன்ன சொல் என்று ஒன்று இருக்கிறதே... ஆனால் ஒரு விஷயம் அவளை உறுத்தியது. மருந்தில் ஊறிய மீனின் கண் ஒரு வாரத்தில் வெந்த முட்டை மாதிரி வெளுத்துவிடும். மற்ற மீன்களுக்கெல்லாம் வெளுத்தது. பதினேழுக்கு மட்டும் துணியின் ஓரத்தில், இழைகளுக்கு நடுவே, பச்சையாக ஏதோ கசிந்துகொண்டிருந்தது. விளக்கை அணைத்துப் பார்த்தாள். அப்போதும் கசிந்தது. அதற்குப் பிறகு அவள் விளக்கை அணைக்கவில்லை.

இஹ்சான் தினமும் மத்தியானம் வந்தான். ஆழத் தூண்டிலில் மாட்டும் கண்ணாடிக்கண்களை ஈரச் சாக்கில் பொதிந்து கொண்டுவந்து வைப்பான். கை வீங்கி, வடிந்து, தழும்பாயிற்று.

"இன்னிக்கு மூணு. ரெண்டு புள்ளிக்காரி, ஒரு வெத்துமுதுகு."

"தப்பு. மூணும் புள்ளிக்காரி. முள்ளைப் பாருங்க."

"நீங்க எதைத்தான் ஒத்துக்கிட்டீங்க? நேத்து ஆலிவ்ல உப்பு ஜாஸ்தின்னு சொன்னேன், அதையும் ஒத்துக்கல."

"அளந்து காட்டுங்க, ஒத்துக்கறேன்."

"டீச்சரம்மா, உங்களைக் கட்டிக்கப்போறவன் பாவம். முத்தம் கொடுத்தாலும் எத்தனை மில்லிமீட்டர்னு கேப்பீங்க."

சொல்லிவிட்டு அவனே காது மடல் சிவந்து போனான். அவள் குனிந்து எழுதுவது போல் நடித்தாள். நோட்டில் அன்று ஒரே மீனை இரண்டு முறை எழுதியிருந்தாள். வெளியே மழை தகரக் கூரையில் தடதடவென்று இறங்கியது. உள்ளே இரண்டு பேருக்கும் பேச ஒன்றுமில்லாமல், ஆனால் எழுந்து போகவும் மனமில்லாமல்... அந்த மௌனம் அவளுக்குப் பிடித்திருந்தது. சொல்லப்போனால் அவனையே பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்ன, அவன் வரத் தாமதமான மத்தியானங்களில் மூச்சே சரியாக வரவில்லை.

அவனுடைய அம்மா ஸப்ரியே ஒருநாள் பருப்பு சூப்போடு வந்தாள். தொட்டியைப் பார்த்ததும் மூன்று முறை துப்புவது போல் செய்துவிட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

"என் மூத்தவன் யாகூப் இப்படித்தான், மகளே. எதையும் நம்பமாட்டான். சாக்கைத் தூக்கி எறிஞ்சுட்டு, 'அம்மா, இதுல நான் எவ்வளவு அழகா தெரியறேன் பாரு'ன்னான். அதுக்கும் புள்ளி இல்ல. ஒண்ணும் ஆகாதுன்னு நாங்களும் சிரிச்சோம். முப்பத்தொண்ணாம் நாள் படகு மட்டும் திரும்பி வந்துச்சு. என்ஜின் ஓடிட்டே இருந்துச்சு. அவன் குடிச்ச டீ அப்படியே சூடா இருந்துச்சு." சூப்பை அவள் பக்கம் தள்ளினாள். "சாப்பிடு. ஆறிடும்."

மெலிகே கரண்டியைக் கிண்ணத்திலேயே வைத்துவிட்டாள். அந்த மீனுக்கும் புள்ளி இல்லையாமே...

முப்பத்தெட்டாம் நாள் இஹ்சான் மீன் இல்லாமல் வந்தான். மேசைமேல் ஒரு தீப்பெட்டியை வைத்தான். உள்ளே பஞ்சின்மேல், நகம் அளவுக்கு ஒரு முள் துண்டு.

"அன்னிக்குக் கையில ஏறினது. எடுத்து வச்சிருந்தேன். உங்களுக்குத்தான்."

"முள்ளா? பொண்ணுங்களுக்குப் பூ கொடுப்பாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன்."

"பூவை நீங்க அளக்க மாட்டீங்களே." அவன் சிரிக்கவில்லை. "அம்மா பர்சாவுக்கு வந்து உங்க வீட்டுல காபி குடிக்கணும்னு சொல்றாங்க. ஞாயித்துக்கிழமை பதில் சொன்னா போதும். அதுக்கு முன்னாடி... இதைப் பாருங்க."

பெண் கேட்டு வந்தால்தான் அந்தக் காபி. அவன் போனதும் தீப்பெட்டியை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அறைக்குள் ஒரு சுற்றுச் சுற்றினாள். விளையாட்டாகத்தான் அந்தத் துண்டை எடுத்துப்போய், பதினேழின் முதுகில் இருந்த அடிக்கட்டையோடு பொருத்திப் பார்த்தாள். கச்சிதமாகப் பொருந்தியது. பழக்க தோஷம், அளவுகோலையும் வைத்தாள்.

துடுப்பின் பாதி உயரம்கூட இல்லை.

மறுபடி அளந்தாள். மறுபடியும். விளக்கைச் சாய்த்துப் பிடித்தாள். சாம்பல் தோலுக்குள்ளே, கழுவியும் போகாத சுண்ணாம்புக் கறை போல, மூன்று மங்கிய புள்ளிகள். அழிந்துபோன புள்ளிகள்.

பதினேழு ஒரு கிழட்டுப் புள்ளிக்காரி.

'எனக்கு என்ன வந்தது? நான் இதையெல்லாம் நம்புகிறவளா?' என்று சொல்லிக்கொண்டாள். அளவுகோலை மட்டும் கீழே வைக்கவில்லை. அந்தக் கண்ணில் கடைசியாக விழுந்தது யார் முகம்? முதலில் அவள். அப்புறம்தான் அவளை மறைத்துக்கொண்டு அவன் முகம் குனிந்தது. கடைசி முகம் இஹ்சானுடையது. நாற்பது முடிய இன்னும் இரண்டு நாள் இருந்தது.

சொல்லிவிடலாம் என்று போனாள், டீக்கடை வரை. அவன் சிரித்து யாருக்கோ கையசைத்ததைப் பார்த்ததும் திரும்பிவிட்டாள். இரண்டு நாள்தானே, பல்லைக் கடித்துக்கொண்டால் ஓடிவிடும். சந்தோஷமாக இருப்பவனை எதற்குப் பயமுறுத்துவது? முப்பத்தொன்பதாம் நாள் அப்படித்தான் ஓடியது.

நாற்பதாம் நாள் விடியலில் அவன் கடலுக்குப் போய்விட்டான். பத்து மணிக்குத் தென்காற்று திரும்பியது. பதினொரு மணிக்கு மூடுபனி இறங்கி, கையை நீட்டினால் விரல் தெரியாமல் போயிற்று.

இந்தத் துறையில் பனி இறங்கினால் பெண்கள் செம்புத் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு மேடைக்கு வந்துவிடுவார்கள். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் படகுகள் துறைவாய்க்கு வந்து சேரும். டங்... டங்... டங்... ஒவ்வொரு படகாக வந்தது. தன் ஆள் வந்து சேர்ந்ததும் ஒவ்வொருத்தியாகத் தாம்பாளத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். ஒரு மணிக்கு ஸப்ரியே மட்டும் தட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மெலிகே.

"பெரியம்மா..." அவளால் அடக்க முடியவில்லை. "அந்த மீன் வெத்துமுதுகு இல்ல. புள்ளிக்காரி. ரெண்டு நாளா எனக்குத் தெரியும். சொல்லாம இருந்துட்டேன்."

தாம்பாளச் சத்தம் ஒரு அடி தவறியது. அவ்வளவுதான். ஸப்ரியே பனியைப் பார்த்தபடியே தட்டினாள்.

"இன்னிக்கு எத்தனாவது நாள்?"

"நாப்பது."

"மூணரைக்கு கெஷானுக்கு பஸ் இருக்கு. நீ போயிடு." குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் கொடுமை. "என் புள்ள வந்தாலும் சரி, வராட்டாலும் சரி. உன் முகம் எனக்கு இங்க வேணாம்."

மெலிகே அழுதுகொண்டே குளிர் அறைக்கு ஓடினாள். பையில் கைக்குக் கிடைத்ததைத் திணித்தாள். நோட்டு, அளவுகோல், தீப்பெட்டி... தீப்பெட்டியில் கை நின்றுவிட்டது. அவன் எங்கோ அந்த வெள்ளைக்குள் இருக்கிறான். கடல் அவன் முகத்தைத் தேடிக்கொண்டிருக்கிறது.

சரி, தேட ஒரு முகம்தானே வேண்டும்?

படித்தவள்தான். எதையும் அளக்காமல் நம்பாதவள்தான். அவளேதான் இரண்டு கைகளையும் மருந்துத் தண்ணீருக்குள் விட்டு, அந்த நீளமான உடம்பைத் தூக்கி மேசைமேல் கிடத்தினாள். சாக்குத்துணியை விலக்கினாள்.

பச்சை. நாற்பது நாள் முன்பு எப்படி இருந்ததோ அப்படியே. மெலிகே குனிந்தாள். கம்பளித் தொப்பியும் சிவந்த மூக்குமாகக் குட்டி மெலிகே தெரிந்தாள். அந்தக் கண் தன்னைப் பார்ப்பதை அவளால் உணர முடிந்தது. இருந்தும் இமைக்கவில்லை.

"என்னைப் பாரு," என்றாள் மெதுவாக. "அவரை விட்டுடு. நான்தான் கடைசி."

எவ்வளவு நேரம் அப்படி இருந்தாளோ... வெளியே, தாம்பாளச் சத்தத்துக்கு அடியில், தூரத்தில் ஒரு என்ஜின் இருமியது.

அவள் எழவில்லை. எழுந்தால் எல்லாம் கலைந்துவிடும் என்று பயம். என்ஜின் நெருங்கியது, நின்றது. மேடையில் யாரோ பேசினார்கள். அப்புறம் வெகுநேரம் ஒன்றுமில்லை. அப்புறம் கண்ணுக்குள், குட்டி மெலிகேயின் தோளுக்குப் பின்னால், ஒரு முகம் எழுந்தது. நனைந்த முடி. காலடிச் சத்தம் எதுவும் கேட்கவில்லை.

"டீச்சரம்மா."

உயிரோடு இருப்பவன்தானா? பயந்து பயந்து கையைப் பின்னால் நீட்டினாள். அவன் விரல்கள் பனிக்கட்டி போலச் சில்லென்று இருந்தன. ஆனால் மணிக்கட்டில் நாடி துடித்துக்கொண்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"பஸ்ஸுக்குப் போகலயா?"

"உங்கம்மா என்னை..."

"அம்மாதான் அனுப்பினாங்க. 'அவ ஏறிட்டாளான்னு போய்ப் பாரு, ஏறியிருந்தா இறக்கிக் கூட்டிட்டு வா'ன்னாங்க. மீனோட கண்ணை மூடறதுக்கு இதையும் கொடுத்தாங்க." இன்னொரு கையில் சொட்டச் சொட்ட ஒரு ஈரச் சாக்கு.

"இஹ்சான், இது புள்ளிக்காரி. நான் உங்ககிட்ட..."

"தெரியும். அன்னிக்குச் சாயங்காலமே தெரியும். முள்ளை வெளிய எடுத்தேன், நகம் அளவுதான் இருந்துச்சு. வெத்துமுதுகோட முள்ளா இருந்தா கையோட அந்தப் பக்கம் வந்திருக்கும். வாயால சொல்ல வரல. அதான் தீப்பெட்டியில வச்சுக் கொடுத்தேன். நீங்க அளப்பீங்கன்னு தெரியும். தெரிஞ்சுக்கிட்டுப் பதில் சொல்லட்டும்னு நினைச்சேன்."

"தெரிஞ்சும் தினமும் கடலுக்குப் போனீங்களா?"

"வீட்டுல உட்கார்ந்தா மட்டும் விட்டுடுமா?"

அவன் அவள் பக்கத்தில் மண்டியிட்டான். பார்வையைத் தரையில் வைத்துக்கொண்டு பேசினான்.

"அன்னிக்கு நான் குனிஞ்சது தற்செயல்னு நினைச்சீங்க, இல்ல? மேடையோட அந்தக் கோடியில இருந்தே பார்த்தேன். கத்தியிருக்கலாம். ஆனா நீங்க ஏற்கெனவே பார்த்துட்டீங்க. கத்தி என்ன ஆகப்போகுது? அதான் சத்தம் காட்டாம ஓடி வந்து உங்க முகத்துக்கு மேல என் முகத்தை வச்சேன்."

"முன்ன பின்ன தெரியாத பொண்ணுக்காகவா?"

"யாகூப் பார்த்தப்போ நான் அவனுக்குப் பின்னாடிதான் நின்னேன்." அவன் குரல் உடைந்தது. "ஒரு அடி முன்னால வந்து குனிஞ்சிருந்தா போதும். பயந்துட்டேன். குனியல. அன்னிக்கு நீங்க யாருன்னு பார்த்து நான் குனியல, டீச்சரம்மா. ஆனா இப்ப... யாருன்னு தெரியும். மறுபடி கேட்டாலும் குனிவேன். உங்களை எனக்கு அவ்வளவு பிடிக்கும்."

மழை பிடித்துக்கொண்டது. கூரை முழுக்கத் தடதடப்பு. மெலிகே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழுகைக்கு நடுவே ஒரு சிரிப்பு வந்தது, நல்ல நேரம் பார்த்து.

"தாமதமாயிடுச்சு. இப்பதான் நான் பார்த்து முடிச்சேன். கடைசியா நேரா பார்த்தது என் முகம்தான்."

அவன் முகம் வெளுத்தது. அவளைப் பார்த்தான். மேசையைப் பார்த்தான். குனியப் போனான். அவள் அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"தனியா வேணாம். திரும்ப நான் பார்ப்பேன், திரும்ப நீங்க பார்ப்பீங்க, இது முடியாது. சேர்ந்து பார்க்கலாம்."

"மெலிகே..." முதல் முறையாகப் பெயரைச் சொன்னான். "ரெண்டு பேரையும் எடுத்துக்கும்."

"எடுத்துக்கட்டும். ஒருத்தரை விட்டுட்டு ஒருத்தரை எடுக்கறதைத்தான் என்னால தாங்க முடியாது."

கன்னத்தோடு கன்னம் வைத்துக் குனிந்தார்கள். அந்தப் பச்சைக்குள் இரண்டு குட்டி முகங்கள் ஒட்டிக்கொண்டு தெரிந்தன. கண் பார்த்தது. நிதானமாக, ஒன்றையும் விடாமல் பார்த்தது. அவள் அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். தழும்பு அவள் உள்ளங்கையில் உரசியது.

பிறகு அவன் ஸப்ரியே கொடுத்தனுப்பிய சாக்கை எடுத்து மீனின் தலைமேல் போர்த்தினான். வெளியே எல்லாப் படகும் வந்தாகிவிட்டது. ஆனாலும் தாம்பாளச் சத்தம் நிற்கவில்லை. டங்... டங்... பனி இறங்கும் நாளிலெல்லாம் அம்மா கடைசிவரை தட்டுவாள் என்று இஹ்சான் சொன்னான். யாருக்காக என்று மெலிகே கேட்கவில்லை.

"இன்னும் நாப்பது நாள்," என்றான் அவன். "நமக்கு."

"பர்சா போய்க் காபி குடிச்சு, மோதிரம் மாத்தி, கல்யாணமும் முடிக்க நாப்பது நாள் போதுமா?"

அவன் அவளையே பார்த்தான். அந்தப் பழுப்புக் கண்களில் அத்தனை நாள் அடங்கிக் கிடந்தது எல்லாம் வழிந்தது.

"இது பதிலா? ஞாயித்துக்கிழமை இன்னும் வரலயே."

"நாளை வீணாக்காதீங்க," என்றாள் மெலிகே. நோட்டைத் திறந்து, பதினேழாம் எண்ணுக்கு நேரே 'வெத்துமுதுகு' என்பதை அடித்துவிட்டு 'புள்ளிக்காரி' என்று திருத்தினாள். தேதியும் போட்டாள். "இன்னிக்கு ஒண்ணாம் நாள்."

சாக்கின் இழைகளுக்கு நடுவே பச்சை கசிந்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். கையை விடவில்லை.